வள்ளி என்னும் பெயர்: ஒரு பெண் பெயரின் தோற்றத்தையும் பொருளையும் படிப்படியாகத் தேடி அறிவதற்கான முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கத்துக் குடும்பங்களில் இரண்டு தலைமுறை பின்னோக்கிப் போனால் வள்ளியோ வள்ளியம்மாளோ இல்லாத வீடு அரிது. இப்போது பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கம் மீண்டும் வந்துகொண்டிருக்கிறது. அதனால் இந்தப் பெயரின் பொருளைத் தேடும் இளம் பெற்றோரும், பெயரைத் தாங்கியிருக்கும் பெண்களும் மிகுதி. அவர்கள் இணையத்தில் தேடினால் "முருகனின் துணைவி" என்றோ "கொடி போன்றவள்" என்றோ ஒரே வரியில் விடை கிடைத்துவிடுகிறது. அந்த விடை தவறில்லை. ஆனால் கிழங்கு, கொடி, குறமகள், தெய்வம், மலை, வேண்டுதல், கொள்ளுப்பாட்டி என்று இத்தனை அடுக்கில் இருக்கும் ஒரு பெயரை அந்த ஒரு வரி பாதியிலேயே விட்டுவிடுகிறது. ஒரு பெயருக்குச் சொல்லளவில் ஒரு பொருளும், இலக்கியத்தில் ஒரு பொருளும், வைத்த குடும்பத்தின் மனத்தில் ஒரு பொருளும் இருக்கும். இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பாமல் தனித்தனியே கண்டறிவதற்கான முறையை, வள்ளி என்ற பெயரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: எழுத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்

பொருளைத் தேடுவதற்கு முன் பெயர் எந்த எழுத்தில் எழுதப்பட்டது என்பதை அறிய வேண்டும். "வள்ளி" என்பது ளகரத்தால் எழுதப்படும் பெயர். "வல்லி" என்பது லகரத்தால் எழுதப்படுவது; அமிர்தவல்லி, செண்பகவல்லி, மரகதவல்லி, கமலவல்லி, சுந்தரவல்லி ஆகிய பெயர்களின் இறுதியில் வருவது அதுதான். வல்லி என்பது வடமொழியில் கொடியைக் குறிக்கும் சொல். அது அம்மன், தாயார் பெயர்களில் பின்னொட்டாக அமைந்து, "அமுதக் கொடி", "மரகதக் கொடி" என்ற பொருளைத் தருகிறது. வள்ளி என்ற தமிழ்ச்சொல்லும் கொடியைக் குறிப்பதால் இரண்டையும் ஒன்றாகவே பலர் எண்ணுகின்றனர். இவ்விரு சொற்களுக்கும் உள்ள உறவு என்ன, எந்த மொழியிலிருந்து எதற்குச் சென்றது என்பதில் மொழிநூலாரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நமக்கு வேண்டியது அந்த வழக்கின் தீர்ப்பு அன்று. நம் வீட்டுப் பெண்ணுக்கு வைக்கப்பட்டது இவற்றில் எது என்பதே.

இதில் கவனம் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கில எழுத்தில் இரண்டு பெயர்களையும் வேறுபாடின்றி ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் பதிந்த பெயரைக் கணினி தானாகத் தமிழுக்கு மாற்றும்போது வள்ளி வல்லியாகிவிடுவது உண்டு. ஆதார் அட்டையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், கையால் எழுதப்பட்ட பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் அட்டை, திருமண அழைப்பிதழ் ஆகியவற்றில் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மூன்றில் இரண்டு ஒத்திருந்தால் அதையே அடிப்படையாகக் கொள்ளலாம்.

இந்த வட்டாரத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சோளிங்கர் பெரிய மலையில் யோக நரசிம்மரோடு இருக்கும் தாயார் அமிர்தவல்லி. அந்த 1,305 படிகளை ஏறி வேண்டிக்கொண்ட குடும்பத்தில் பிறந்த அமிர்தவல்லிக்கும், வள்ளிமலைக்கு நேர்ந்துகொண்டு பிறந்த வள்ளிக்கும் வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் முதற்பெயர் வைணவத் தாயாருடையது, இரண்டாவது குறமகளுடையது. எழுத்தைப் பார்க்காமல் பொருள் சொன்னால் ஒரு பெண்ணின் பெயர் இன்னொரு பெண்ணின் கதையில் போய்ச் சேர்ந்துவிடும்.

இரண்டாம் படி: பெரியவர்களிடம் கேளுங்கள், ஆனால் கேட்கும் முறை தெரிந்து கேளுங்கள்

"இந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று ஆயாவிடம் (பாட்டியிடம்) கேட்டால் "சாமி பேரு" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். பொருளைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். பெயர் வைத்த அன்று யார் காதில் பெயரைச் சொன்னார்கள்? அதற்கு முன் எந்தக் கோயிலுக்குப் போனார்கள்? குழந்தைக்கு முதல் மொட்டை எங்கே அடித்தார்கள்? குடும்பத்தில் இதற்கு முன் அந்தப் பெயர் யாருக்கு இருந்தது? இப்படிக் கேட்டால் "ஆடிக்கிருத்திகைக்குத் தணிகைக்குக் காவடி எடுக்கறேன்னு வேண்டிக்கினு பொறந்த பொண்ணுடா உங்கம்மா" என்பது போன்ற ஒரு வாக்கியம் வெளியே வரும். அந்த ஒரு வாக்கியத்தில் தெய்வம், தலம், நாள், நேர்த்தி நான்கும் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். அதை அவர் சொன்ன பேச்சிலேயே, திருத்தாமல், எழுதி வையுங்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்வது இன்னும் நல்லது.

வேலூர்ப் பக்கத்தில் வள்ளி என்ற பெயர் பெரும்பாலும் மூன்று வழிகளில் வந்திருக்கும். முதலாவது, திருத்தணி, வள்ளிமலை, இரத்தினகிரி போன்ற முருகன் தலங்களில் செய்துகொண்ட வேண்டுதல். இரண்டாவது, தந்தைவழிப் பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடும் வழக்கம். மூன்றாவது, இரட்டைப் பெண்களுக்கோ அடுத்தடுத்துப் பிறந்த சகோதரிகளுக்கோ வள்ளி, தெய்வானை என்று இணையாகப் பெயரிடுவது. ஆகவே உடன்பிறந்தவர்களின் பெயர்களையும் கேட்டறிவது பயன் தரும். அக்கா தெய்வானையாகவோ, தம்பி வேலாயுதமாகவோ இருந்தால் பெயரின் ஊற்று முருக வழிபாடு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். உடன்பிறந்தவர்களுக்கு வேறு வகைப் பெயர்கள் இருந்து, கொள்ளுப்பாட்டி ஒருவர் வள்ளியம்மாளாக இருந்தால், பெயர் அந்த மூதாட்டியிடமிருந்தே நேராக வந்திருக்கும். முருகன் அவருக்கு அப்பால் நிற்பான்.

பாட்டி பெயர் என்று தெரிந்தவுடன் இன்னொன்றையும் விசாரியுங்கள். மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லும் வழக்கம் முன்பு இல்லை. அதனால் ஏட்டில் வள்ளியம்மாளாக இருந்த குழந்தையை, தாய் மட்டும் பாப்பா என்றோ கண்ணம்மா என்றோ அழைத்திருப்பார்; அழைத்த பெயரே நிலைத்து, வைத்த பெயர் சான்றிதழோடு நின்றுவிட்ட வீடுகள் பல. உங்கள் குடும்பத்தில் "பாப்பா அத்தை" ஒருவர் இருந்தால், அவருடைய முழுப்பெயரை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஆவணங்கள்

இது வேலையளவில் சிறியது. பொறுமை மட்டும் வேண்டும். நிலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றில் பெண்களின் பெயர்கள் தந்தை அல்லது கணவர் பெயரோடு சேர்ந்து வரும். அவற்றைக் கொண்டு பெயர் எத்தனை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வைக்கப்பட்டது என்பதை அறியலாம். தேடும்போது மாவட்டப் பெயர் மாறியதை நினைவில் வையுங்கள். பழைய வடஆற்காடு மாவட்டத்தின் வடபகுதிகள் 1911ஆம் ஆண்டு உருவான சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. அவற்றுள் திருத்தணி 1960ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. 1989ஆம் ஆண்டு வடஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலைப் பகுதி தனி மாவட்டமானது. எஞ்சியது வேலூர் மாவட்டமாகி, 2019ஆம் ஆண்டு வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகியது. "வடஆற்காடு ஜில்லா" என்று எழுதிய ஒரு பத்திரத்தின் ஊர் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் தேட வேண்டும். கொள்ளுப்பாட்டியின் பிறந்த ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்குமானால், பெயர் தெலுங்கு எழுத்தில் பதிவாகியிருக்கவும் கூடும்.

நான்காம் படி: சொல்லைப் பிரித்து, அதன் பழைய பொருளைக் காணுங்கள்

பெயரின் வேரையும் ஒட்டையும் பிரியுங்கள். வள்ளியம்மாள், வள்ளியம்மை, வள்ளிநாயகி, வள்ளிக்கண்ணு, வள்ளிமயில் எல்லாவற்றிலும் வேர் வள்ளி. மற்றவை மரியாதையோ செல்லமோ சேர்க்கும் ஒட்டுகள். வள்ளிநாயகம், வள்ளிமணாளன் போன்ற ஆண் பெயர்கள் வள்ளியைக் கொண்டு முருகனைக் குறிக்கின்றன. தில்லையாடி வள்ளியம்மையின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, அங்கு நடந்த சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று 16 வயதில் மறைந்த அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுத் தம் மகளுக்கு வள்ளியம்மை என்று பெயரிட்டவர்களும் இருக்கலாம். பெரியவர்களிடம் இதையும் கேளுங்கள்.

வேரைக் கண்டபின் அகராதிக்குச் செல்லுங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இணையத்தில் தேடும் வசதியோடு கிடைக்கிறது. அதில் பொருள்கள் எண்ணிட்டு வரும்; முதலில் வரும் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடாமல், ஒவ்வொரு பொருளுக்கும் எந்தப் பழைய நூல் மேற்கோளாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த மேற்கோள்தான் அடுத்த படிக்கு வழி.

வள்ளி என்றால் கொடி என்பது பொதுப்பொருள். ஆனால் எல்லாக் கொடியையும் ஒரே நிலையில் வைத்துப் பார்த்தால் இந்தப் பெயரின் உயிர் தப்பிவிடும். புறநானூற்றின் 109ஆம் பாடலில், பறம்பு மலையை முற்றுகையிட்டு நின்ற மூவேந்தரிடம், உழவர் உழாமலே அந்த மலை தரும் நான்கு விளைவுகளைக் கபிலர் எண்ணிச் சொல்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம் ஆகியவற்றை அடுத்து "மூன்றே, கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு வீழ்க்கும்மே" என்கிறார், நான்காவது தேன். யாரும் விதைக்காத, நீர் பாய்ச்சாத, முற்றுகையிலும் ஊரைக் காப்பாற்றும் உணவாக வள்ளி அங்கே நிற்கிறது. இன்று சந்தையில் வாங்கும் சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர்கள். பழைய வள்ளியின் பெயரை அவை பின்னாளில் பெற்றன. கபிலர் சொன்னது காட்டில் தானே படரும் கிழங்குக் கொடி. அத்தகைய கொடியின் மேற்பகுதி கோடையில் காய்ந்து மறைந்துவிடும்; மழை விழுந்தவுடன் கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்த்து மரத்தில் ஏறும். கிழங்கு ஆழத்தில் இறங்கியிருப்பதால், அதை எடுப்பவர்கள் கடப்பாரையாலோ கூரான கழியாலோ சுற்றிலும் மண்ணை அகற்றி, கை நுழையும் குழியாக்கி, உடையாமல் வெளியே எடுக்க வேண்டும். எடுத்தபின் அங்கே ஒரு குழி எஞ்சும். அந்தக் குழியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்க்கதை அதிலிருந்துதான் பிறக்கிறது.

ஐந்தாம் படி: இலக்கியத்தில் பெயரைக் காலவரிசையில் வையுங்கள்

இந்தப் படியில்தான் பலர் தடுமாறுகின்றனர். கோயிலில் கேட்ட கதையையும் சங்கப் பாடலையும் ஒரே காலத்தவை போலச் சேர்த்து எழுதிவிடுகின்றனர். எது முந்தையது, எது பிந்தையது என்று பிரித்தால்தான் பெயர் வளர்ந்த வழி தெரியும்.

சங்க இலக்கியத்தில் வள்ளி ஒரு பெண்ணாகத் தோன்றும் இடங்களில் நற்றிணையின் 82ஆம் பாடல் முதன்மையானது. தலைவன் தலைவியைப் பார்த்து, "முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல" உன் உருவம் என் கண்ணைப் பறிக்கிறது, பார்க்க ஆற்றேன் என்கிறான். வள்ளி யார், அவள் முருகனை எப்படி அடைந்தாள் என்ற விளக்கம் எதுவும் அங்கே இல்லை. உவமையாகச் சொன்னாலே கேட்பவருக்கு விளங்கும் என்ற நம்பிக்கையில் பாடல் நகர்கிறது. அந்தக் கதை அப்போதே ஊரறிந்த கதையாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அழகுக்கு உவமை சொல்ல வேண்டிய ஒருவனுக்கு முதலில் நினைவுக்கு வந்தவள் மலைநாட்டுக் காதலியான வள்ளி என்பது, இந்தப் பெயரைத் தாங்கும் ஒவ்வொரு பெண்ணும் அறிய வேண்டிய செய்தி என்பேன்.

திருமுருகாற்றுப்படை முருகனின் ஆறு முகங்களின் செயல்களைச் சொல்லும்போது, ஒரு முகம் "குறவர் மடமகள், கொடிபோல் நுசுப்பின் மடவரல் வள்ளியொடு நகையமர்ந்தன்றே" என்கிறது. இந்த அடியை மெல்லப் படியுங்கள். குறவர் மகள் என்ற பிறப்பும், கொடி போன்ற இடை என்ற உவமையும், வள்ளி என்ற பெயரும் அடுத்தடுத்து நிற்கின்றன. பெயருக்குள் இருக்கும் கொடியைப் புலவர் அறிந்தே வெளியே எடுத்து வைத்திருக்கிறார். மற்ற முகங்கள் உலகுக்கு ஒளி தருவதும் வேள்வியைக் காப்பதும் பகைவரை அழிப்பதுமாக இருக்க, வள்ளியிடம் திரும்பிய முகத்துக்கு இருக்கும் ஒரே செயல் சிரிப்பு. பரிபாடலின் 9ஆம் பாடலில் வள்ளியும் தேவசேனையும் (தெய்வானை) ஊடுகின்றனர். ஆகவே இரு மனைவியர் என்ற அமைப்பு அந்நூலின் காலத்துக்குள் வந்துவிட்டது.

தொல்காப்பியத்திலும் "கொடிநிலை கந்தழி வள்ளி" என்று ஒரு தொடர் உண்டு. இதைப் பிடித்துக்கொண்டு வள்ளி தெய்வத்தைத் தொல்காப்பியமே பாடுகிறது என்று எழுதுவோர் உண்டு. அந்தச் சொல்லுக்கு உரையாசிரியர்கள் ஒரே பொருள் கொள்ளவில்லை. நச்சினார்க்கினியர் அங்கே வள்ளி என்பதற்குத் திங்கள் என்று பொருள் கொண்டார். ஆகவே பெயரின் வரலாற்றுக்கு இதைச் சான்றாகக் காட்டாமல் விடுவதே நேர்மை.

பிறப்புக் கதை விரிவாகக் கிடைப்பது காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணத்தில். 10,345 பாடல்கள் கொண்ட அந்த நூல் வள்ளியம்மை திருமணப் படலத்தோடு நிறைவடைகிறது. திருமாலின் மகளிர் இருவரில் அமுதவல்லி தேவசேனையாகவும், சுந்தரவல்லி வள்ளியாகவும் பிறக்கின்றனர். தவமுனிவர் ஒருவரின் பார்வை பட்டுக் கருவுற்ற மான், வேடுவப் பெண்கள் வள்ளிக்கிழங்கு அகழ்ந்தெடுத்த குழியில் பெண் குழந்தையை ஈன்றுவிட்டுப் போகிறது. பெண் மகவு இல்லையே என்று ஏங்கியிருந்த வேடர் தலைவன் நம்பி அக்குழந்தையை எடுத்து வளர்க்கிறான். வள்ளிக் குழியில் கிடைத்ததால் வள்ளி என்று பெயரிடுகின்றனர். பெயர்க்காரணம் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லப்பட்ட பெண்பெயர் தமிழில் மிகச் சில. முதற்படியில் பார்த்த லகர, ளகர வேறுபாடும் இங்கே தானாக விளங்குகிறது: விண்ணுலகில் சுந்தரவல்லியாக இருந்தவள் மண்ணில் கிழங்குக் குழியிலிருந்து வள்ளியாக எழுகிறாள்.

வளர்ந்தபின் தினைப்புனத்துப் பரண்மேல் நின்று, கவண் வீசி, ஆலோலம் பாடிக் கிளி ஓட்டும் வள்ளியையும், வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வந்த முருகனையும் நாடக மேடை வழியாக அறிந்தவர்களே நம் பெரியவர்களில் மிகுதி. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமண நாடகம் அக்கதையை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தந்தை மகளுக்கு வள்ளி என்று பெயரிட்டால், அவர் கேட்டறிந்த கந்தபுராணம் அந்த மேடையாகவே இருந்திருக்கும்.

ஆறாம் படி: பெயருக்குரிய இடத்துக்கு நேரில் செல்லுங்கள்

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், காட்பாடி வட்டத்தில் வள்ளிமலை இருக்கிறது. கந்தபுராணம் வள்ளியின் ஊராகக் குறிக்கும் மேற்பாடி அதற்குப் பக்கத்தில், பொன்னை ஆற்றங்கரையில் உள்ள மேல்பாடி. இந்தப் பக்கத்துக் குடும்பத்தில் வள்ளி என்ற பெயர் இருந்தால், அங்கு போகாமல் ஆய்வை முடிக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். மலையடிவாரத்தில் வள்ளிக்குத் தனிக்கோயில் உண்டு. முருகன் மேலே, பாறையை ஒட்டிய கோயிலில் இருக்கிறான். படியேறிப் போனால் கதையின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓரிடம் காட்டுவார்கள்: வெயிலே படாதது என்று சொல்லப்படும் சுனை, விநாயகர் யானையாக வந்து வள்ளியை அச்சுறுத்தியதற்கு அடையாளமாகக் காட்டப்படும் யானைக் குன்று, தினைப்புனம் இருந்த இடம். தேனும் தினைமாவும் இங்கே படைக்கும் பொருள்களாக இருப்பதும் கதையோடு சேர்ந்தது. மாசி மாதத் திருவிழாவில் தேர் மலையைச் சுற்றி வருகிறது.

அருணகிரிநாதர் இத்தலத்தின்மேல் திருப்புகழ் பாடியிருக்கிறார். திருப்புகழை ஊரெங்கும் பரப்பிய சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950) வள்ளிமலையிலேயே தங்கித் தவம் இருந்ததால் வள்ளிமலை சுவாமிகள் என்றே அழைக்கப்பட்டார். ஆங்கிலப் புத்தாண்டையொட்டித் திருத்தணியில் படிதோறும் திருப்புகழ் பாடும் படித் திருவிழாவைத் தொடங்கியவரும் அவரே. வள்ளியை மணந்த தலமாகத் திருத்தணியையும், பிறந்து வளர்ந்த தலமாக வள்ளிமலையையும் சேர்த்துப் பார்க்கும் மரபு இந்த வட்டாரத்தில் வலுவாக இருப்பதால், ஆடிக்கிருத்திகைக் காவடிக் குடும்பங்களில் வள்ளி என்ற பெயர் தங்கிவிட்டதில் வியப்பில்லை.

மலையில் இன்னொன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். அங்குள்ள குகைத்தளத்தில் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கங்க மன்னன் இராசமல்லனின் கல்வெட்டும் உண்டு. மேல்பாடியில் முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசனின் நினைவுக் கோயில், இருக்கிறது. இவற்றுக்கும் வள்ளி என்ற பெயருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ஒரு மலையில் பல காலத்து வழிபாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதைக் கண்ணால் கண்டவர்கள், ஒரு பெயருக்கும் அப்படிப் பல படிவுகள் இருப்பதை எளிதில் ஏற்றுக்கொள்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நற்றிணையோ திருமுருகாற்றுப்படையோ வள்ளியை இந்த மலையோடு இணைத்துச் சொல்லவில்லை. இணைப்பது பிற்காலப் புராணமும் திருப்புகழும் தல மரபும். குமரி மாவட்டத்து வேளிமலையும், இலங்கையின் கதிர்காமமும் வள்ளியைத் தம் மலைக்குரியவளாகவே கொண்டாடுகின்றன. நம் ஊர் மரபை நாம் பெருமையோடு சொல்லலாம். ஆனால் "சங்க காலம் முதலே வள்ளிமலையில்" என்று எழுதுவது சரியாகாது.

ஏழாம் படி: ஒவ்வாத பொருள்களை விலக்குங்கள்

இணையப் பெயர்ப் பட்டியல்களில் வள்ளிக்கு "வள்ளல் தன்மை உடையவள்", "செல்வம் தருபவள்", "ஒளி மிக்கவள்" என்றெல்லாம் காண்கிறோம். ஒரு பொருளை ஏற்பதற்கு முன் இரண்டு கேள்விகள் போதும்: அந்தப் பொருளில் சொல் வழங்கிய பழைய நூல் ஏதேனும் காட்டப்பட்டிருக்கிறதா? பெயரை வைத்தவர்கள் அந்தப் பொருளை எண்ணி வைத்ததாக யாரேனும் சொல்கிறார்களா? இரண்டுக்கும் இல்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். எண் கணிதத்துக்காக ஆங்கில எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் எழுதுவது ஒவ்வொருவரின் நம்பிக்கை. அதனால் பெயரின் பொருள் மாறாது, ஆனால் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் பின்னாளில் அந்தப் பெண் அலைய நேரும்.

இதே முறை பிற பெயர்களுக்கு

குடியாத்தம் பக்கத்துக் கங்கம்மாளுக்கு, வைகாசி முதல் நாளில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவிலிருந்து தேடலைத் தொடங்குங்கள். ரேணுகா என்ற பெயர் வடமொழிச் சொல்லிலிருந்து வந்ததாயினும், ஆரணி, போளூர் பக்கத்துக் குடும்பங்களில் அது படவேட்டு ரேணுகாம்பாளின் பெயராகவே வந்திருக்கும். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலின் அம்மன் அகிலாண்டேசுவரி. நகரத்து அகிலாக்களில் சிலருக்கு அங்கிருந்து பெயர் வந்திருக்கலாம். எழுத்து, வீடு, ஆவணம், சொல், நூல், தலம் என்ற அதே வரிசையில் போனால் போதும்.

எட்டாம் படி: எழுதி வையுங்கள், சரியாகப் பதியுங்கள்

கண்டவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மேலே பெயரும் அதன் சரியான எழுத்தும், அடுத்து வீட்டார் சொன்னது, சொன்னவர் பெயரோடும் நாளோடும், அதன்கீழ் சொற்பொருள், பிறகு இலக்கியச் சான்றுகள் பாடல் எண்ணோடு, இறுதியில் தல மரபு. "ஆயா சொன்னது", "கந்தபுராணம் சொல்வது", "கோயிலில் சொன்னார்கள்" என்று ஒவ்வொன்றுக்கும் உரியவரை எழுதிவிட்டால், பின்னால் படிக்கும் பேத்தி எதை எவ்வளவு நம்பலாம் என்று தானே முடிவு செய்துகொள்வாள்.

புதிதாகப் பிறந்த மகளுக்கு இப்பெயரை இடுவோர் பதிவில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலும் பதியலாம். பிறகு 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். ஆகவே ஆயாவிடம் கேட்கவும் வள்ளிமலைக்கு ஒருமுறை போய்வரவும் அவகாசம் இருக்கிறது. பெயர் சேர்க்க விண்ணப்பம் கொடுக்கும்போது தமிழ்ப் பெயரை ளகரத்தோடு தெளிவாக எழுதிக் கொடுங்கள். சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருவதால், கையில் வாங்கியவுடன் அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் தமிழ் வரியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். வல்லி என்று இருந்தால் அப்போதே திருத்தக் கேளுங்கள். பள்ளியில் சேர்த்தபின் திருத்துவதற்கு ஆகும் அலைச்சல் பெரிது.